சுவிஸ் குடியுரிமை நேர்காணல்

சுவிஸ் குடியுரிமை நேர்காணல்: சுவிட்சர்லாந்தில் குடியுரிமை (இலங்கைத் தமிழர் வழக்கில் பிரஜாவுரிமை) கோருபவரை அவர் வாழும் ஊரின் நிர்வாகம் நேரில் விசாரிக்கும் நடைமுறை. கூட்டரசு, கன்டோன் எனும் மாநிலம், ஊர் ஆகிய மூன்றும் இசைய வேண்டும்.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற தமிழர் பலர் இவ்வழியே குடிமக்களாயினர். 2018 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டம் பொதுவாக 10 ஆண்டு வசிப்பு, சி வதிவிட அனுமதி, பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 மொழித்தேர்ச்சி ஆகியவற்றைக் கோருகிறது. 8 முதல் 18 வயது வரை அங்கு வாழ்ந்த ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும்.

நேர்காணலில் கேட்கப்படும் 26 கன்டோன்கள், எழுவர் கொண்ட கூட்டரசு மன்றம், மக்கள் வாக்கெடுப்பு ஆகியவற்றைப் படித்துவிடலாம். உள்ளூர்ச் சங்கங்கள், அயலாருடனான பழக்கம் பற்றிய கேள்விகளுக்குப் புத்தகம் உதவாது.

முன்பு லுட்சேர்ன் கன்டோனின் எம்மென் ஊரில் குடியுரிமை விண்ணப்பங்கள் ஊர் மக்களின் வாக்குச்சீட்டால் முடிவுசெய்யப்பட்டன. அது அரசமைப்புக்கு முரண் என 2003இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று மறுப்புக்குக் காரணம் கூறுவது கட்டாயம்.