கலைத்தபின் எஞ்சுவது யாருக்கு? இங்கிலாந்துக் கால்பந்தின் 34ஆம் விதியும் உடைமையாளரின் லட்சியமும்

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் விதித்தொகுப்பில் பிற்காலத்தில் 34ஆம் எண் பெற்ற விதியைப் பற்றி எழுதியோரில் பெரும்பாலோர் அதன் முதல் கூற்றோடு நின்றுவிடுகிறார்கள். கழகம் தன் பங்குதாரருக்கு வழங்கக்கூடிய பங்காதாயத்துக்கு வரம்பு வைத்த கூற்று அது. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் முகமதிப்பில் 5 விழுக்காடாகத் தொடங்கிய வரம்பு 1920இல் ஏழரையாகவும், 1974இல் 10ஆகவும், 1983இல் 15ஆகவும் உயர்ந்தது. இந்த எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆய்வு மரபு இரண்டு முடிவுகளுக்கு வருகிறது. பெரும்பாலான கழகங்கள் பெரும்பாலான ஆண்டுகளில் பங்காதாயமே வழங்கவில்லை. ஆகவே விதி செயலற்ற அலங்காரம் என்பது ஒன்று. விதி முதலீட்டை விரட்டியது, மைதானங்களைப் பாழாக்கியது, கழகங்களின் லட்சியத்தைக் குறுக்கியது என்பது மற்றொன்று. எதையும் செய்யாத விதி எப்படி இவ்வளவு கேட்டையும் செய்தது என்ற கேள்வி அந்த மரபுக்குள் எழாமலே போனது வியப்புக்குரியது.

விதிக்கு மூன்று கூற்றுகள் உண்டு. பங்காதாய வரம்பு முதலாவது. இயக்குநர்கள் ஊதியம் பெறக்கூடாது என்பது இரண்டாவது. இது 1981இல் தளர்த்தப்பட்டது. மூன்றாவது, கழகத்தைக் கலைக்கும்போது என்ன நடக்கவேண்டும் என்பது. கடன்கள் தீர்ந்தபின், பங்குதாரர் தாம் பங்குக்குச் செலுத்திய தொகையைத் திரும்பப் பெறலாம். அதற்குமேல் எஞ்சுவது அவர்களுக்குச் சேராது. கால்பந்துச் சங்கத்தின் நலநிதிக்கோ, அதே நகரம் அல்லது மாவட்டத்திலுள்ள ஒத்த நோக்கமுடைய வேறொரு கழகத்துக்கோ, உள்ளூர் அறநிலையத்துக்கோ அது போகவேண்டும். ஆய்வாளர்கள் அடிக்குறிப்பில் தள்ளிவிடும் இந்த மூன்றாம் கூற்றே விதியின் அச்சு என்பது என் வாதம். இதிலிருந்து தொடங்கிப் படித்தால், உடைமையாளரின் லட்சியம் எந்தத் திசையில் ஓடலாம் என்பதை வரையறுத்த சட்டமாகவே 34ஆம் விதி தெரிகிறது.

பங்கின் மதிப்பு எதனால் ஆனது என்று பார்ப்போம். சாதாரண நிறுவனத்தில் பங்குதாரருக்கு ஆண்டு வருமானமும் உண்டு, சொத்தின் மீதான இறுதி உரிமையும் உண்டு. ஆண்டுதோறும் ஒரு காசும் தராத நிறுவனத்தின் பங்கைக்கூட, அதன் நிலத்துக்காக ஒருவர் வாங்கலாம். கால்பந்துக் கழகத்துக்கோ பெரும்பாலும் நகரத்தின் நடுவே, தொழிலாளர் குடியிருப்புகளுக்கிடையே, ஆண்டுக்காண்டு விலை ஏறும் நிலம் இருந்தது. பங்காதாய வரம்பு மட்டும் இருந்திருந்தால், ஆட்டத்தை நிறுத்தி நிலத்தை விற்பதே அறிவார்ந்த முதலீடாகியிருக்கும். மூன்றாம் கூற்று அந்த வழியை அடைத்தது. மைதானத்தின் விலை நூறு மடங்கு உயர்ந்தாலும் அதில் பங்குதாரருக்கு உரியது அவர் முன்பு செலுத்திய தொகை மட்டுமே. எனவே பணம் பெருக்க வந்தவருக்கு இங்கே வேலையில்லை. வந்தவர்கள் உள்ளூர் பியர் ஆலைக்காரர்கள், இறைச்சி வணிகர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள். அவர்கள் துறவிகள் அல்லர். ஊரில் மதிப்பு, சனிக்கிழமை இயக்குநர் பெட்டியில் ஓர் இருக்கை, கோப்பை, முதல் பிரிவுக்கு உயர்வு ஆகியவற்றை விரும்பினார்கள். அந்த விருப்பம் நிறைவேற அணியிலும் மைதானத்திலும் பணம் போடுவதைத் தவிர வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. பங்காதாயம் வழங்கப்படாததை விதியின் செயலின்மைக்குச் சான்றாகக் காட்டுவோர், விதி வேலை செய்ததன் விளைவையே அதற்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

இந்த வாசிப்பை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. விதியில் ஓட்டைகள் இருந்தன. அவற்றில் பெரியது தொடக்கத்திலேயே இருந்தது. 1892இல் எவர்டன் கழகம் ஆன்ஃபீல்டை விட்டு ஸ்டான்லி பூங்காவுக்கு மறுபுறம் குடிசன் பார்க்குக்குப் போனது. காரணம், மைதானத்தின் மீது உரிமை கொண்டிருந்த ஜான் ஹூல்டிங் என்ற பியர் ஆலை அதிபருடன் வாடகை குறித்து எழுந்த பிணக்கு. காலியான ஆன்ஃபீல்டில் ஹூல்டிங் உருவாக்கியதே லிவர்பூல் கழகம். கழகத்திலிருந்து பணம் எடுக்கப் பங்காதாயம் தேவையில்லை, நிலச்சொந்தக்காரராக இருந்தால் போதும் என்பதை இந்த நிகழ்வு காட்டியது. மூன்றாம் கூற்று கழகத்துக்குச் சொந்தமான சொத்தையே காத்தது; கழகம் வாடகைக்கு இருக்கும் நிலத்தை அதனால் காக்க முடியாது. இன்று மைதானத்தைக் கழகத்திடமிருந்து பிரித்துத் தம் வேறொரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றும் உடைமையாளர்கள் அந்தப் பழைய ஓட்டை வழியாகவே நுழைகிறார்கள்.

மற்றோர் ஓட்டை கணக்கு சார்ந்தது. வரம்பு முகமதிப்பின் விழுக்காடாக இருந்ததால், பங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வழங்கக்கூடிய மொத்தத் தொகையும் கூடும். 1978இல் மான்செஸ்டர் யுனைடெட் சுமார் 10 லட்சம் பவுண்டு திரட்டிய உரிமைப் பங்கு வெளியீடு சர்ச்சையானது இதனால்தான். அந்தக் கழகத்தில் தன் வாழ்நாளைச் செலவிட்ட மாட் பஸ்பியே அதை எதிர்த்தார்.

1983இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் லண்டன் பங்குச் சந்தையில் இறங்கியதை விதியின் இறப்புச் சான்றிதழாகவே அந்த மரபு படிக்கிறது. கழகத்துக்கு மேலே ஒரு தாய் நிறுவனம் உருவாக்கப்பட்டது. கழகம் 34ஆம் விதிக்கு உட்பட்டே இருந்தது; பங்குகளை விற்ற தாய் நிறுவனம் உட்படவில்லை. கால்பந்துச் சங்கம் தடுக்கவில்லை. அதே ஆண்டில்தான் சங்கம் பங்காதாய வரம்பை 15 விழுக்காடாக உயர்த்தியது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். முதல் கூற்றை மட்டும் கருதினால் இந்தத் தாய் நிறுவன ஏற்பாடு வீண் சுமை. தாராளமான வரம்பு கையிலேயே இருந்தது. சந்தை முதலீட்டாளர் விரும்பியது பங்கு விலை ஏறுவதை. கழகத்தின் நிலமும் பெயரும் ரசிகர் கூட்டமும் பங்கின் மதிப்பாக மாறினால்தான் விலை ஏறும். அதை மறித்து நின்றது கலைப்புக் கூற்று. தாய் நிறுவனம் கடந்து போகவேண்டியிருந்தது அதைத்தான் என்று நான் கொள்கிறேன். 2005இல் மான்செஸ்டர் யுனைடெட்டை ஏறத்தாழ 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கி, வாங்கிய கடனில் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே ஏற்றிய வணிகம், பங்கின் மதிப்புக்கு உச்சவரம்பு இருந்த காலத்தில் நினைத்தும் பார்த்திருக்க முடியாதது.

என் வாசிப்புக்கு மிக வலுவான சான்று பிரைட்டனில் இருக்கிறது. பிரைட்டன் அண்ட் ஹோவ் ஆல்பியன் 1902 முதல் கோல்ட்ஸ்டோன் மைதானத்தில் ஆடிவந்தது. 1990களின் நடுவில், கடனில் மூழ்கியிருந்த கழகத்தின் நிர்வாகம் அந்த மைதானத்தைக் கடைவளாகம் கட்டும் நிறுவனத்துக்கு விற்றது. விலை 70 லட்சம் பவுண்டுக்கு மேல். மாற்று மைதானம் எதுவும் கையில் இல்லை. அப்போது நிறுவனப் பதிவகத்தின் கோப்புகளைப் புரட்டிய ஆதரவாளர் தரப்புக்கு ஒன்று தென்பட்டது: புதிய நிர்வாகத்தின் காலத்தில் திருத்தப்பட்ட அமைப்பு விதிகளில் கலைப்புக் கூற்று இல்லை. கழகத்தைக் கலைத்தால் எஞ்சுவது பங்குதாரருக்குச் சேரக்கூடும் என்ற நிலை. விஷயம் வெளியே வந்ததும் கால்பந்துச் சங்கம் தலையிட்டது; கூற்று திரும்பச் சேர்க்கப்பட்டது.

இந்த நீக்கத்தின் நோக்கத்தை நான் ஊகிக்கப்போவதில்லை. கவனக்குறைவு என்ற விளக்கமும் அன்று தரப்பட்டது. ஆவணத்தின் நடத்தையே எனக்குப் போதும். அந்தக் கூற்று செத்த எழுத்தாக இருந்திருந்தால், அது காணாமல் போனதைக் கண்டு ஒரு நகரம் கொதித்தெழுந்திருக்காது. சங்கமும் அதைத் திரும்ப வைக்கச் சொல்லியிருக்காது. கழகம் யாருடையது என்ற கேள்விக்கு ஆதரவாளர்கள் காட்டிய ஒரே எழுத்துச் சான்று அந்தக் கூற்றுதான். கடைசி ஆட்டம் 1997 ஏப்ரலில் நடந்தது. பிறகு மைதானம் இடிக்கப்பட்டது. இரண்டு பருவங்கள் வெகுதொலைவிலுள்ள கில்லிங்ஹாமில் ஆடி, பின் வித்டீன் தடகள அரங்கில் காலந்தள்ளி, 2011இல்தான் ஃபால்மரில் கழகத்துக்கு நிரந்தர வீடு கிடைத்தது. கூற்று கழகத்தின் மைதானத்தைக் காக்கவில்லை என்று சொல்லலாம். உண்மை. நடக்கும் கழகம் தன் சொத்தை விற்பதை அது தடுக்கவில்லை. விற்ற பணம் யார் கைக்குப் போகலாம் என்பதையே கட்டுப்படுத்தியது. அந்தக் கட்டுப்பாட்டின் பலவீனத்தைப் பிரைட்டன் காட்டுகிறது, பொருளின்மையை அன்று.

இனி அந்த மரபின் இரண்டாம் முடிவு. 1985 மே 11இல் பிராட்ஃபோர்டு மைதானத்தின் மர இருக்கைப் பகுதி தீப்பற்றி 56 பேர் இறந்தார்கள். பாழடைந்த மைதானங்களுக்கு 34ஆம் விதியைக் குற்றவாளியாக்குவோர் இந்தக் கொடுமையைச் சுட்டும்போது அதை அலட்சியமாகக் கடக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கணக்கு அவர்கள் சொல்வதுபோல் இல்லை. 1961இல் வீரர்களின் உச்ச ஊதியமான வாரம் 20 பவுண்டு நீங்கிய பின், கழகங்களுக்குள் பணம் வராமல் இல்லை. 1979இல் டிரெவர் ஃபிரான்சிஸுக்காக நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 10 லட்சம் பவுண்டு கொடுத்தது. பணம் இருந்தது, இயக்குநர்கள் அதை ஆட்களில் போட்டார்கள், படிக்கட்டுகளில் போடவில்லை. மைதானப் பாதுகாப்பு குறித்த 1990இன் டெய்லர் அறிக்கைக்குப் பிறகு இருக்கைகள் வந்தது பங்குச் சந்தையின் கொடையாலும் அன்று. சட்டத்தின் கட்டாயமும், கால்பந்துச் சூதாட்ட வரியைக் குறைத்து அரசு ஒதுக்கிய நிதியும் பெரும்பங்கு வகித்தன. பாதுகாப்பின்மைக்குக் காரணம் கண்காணிப்பின்மை. அதை லாப வரம்பின் மேல் ஏற்றுவது வசதியான வாதம், அவ்வளவே.

வீரர்களின் ஊதியத்தை அமுக்கி வைக்க இயக்குநர்கள் தங்கள் தியாகத்தைச் சாக்காகக் காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். அது உச்ச ஊதியத்துக்கு எதிரான வாதம். உடைமையாளர் வரம்புக்கு எதிரானது அன்று. ஜெர்மனியின் 50+1 விதியே சிறந்த மாற்று என்போரும் உண்டு. அது வாக்குரிமை யாரிடம் என்று கேட்கிறது. 34ஆம் விதி எஞ்சும் சொத்து யாரிடம் என்று கேட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதால் பயனில்லை.

என் வாதத்துக்கு உண்மையான சிக்கல் லீட்ஸ் கழகம். 2000-01 பருவத்தில் அந்தக் கழகம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்றது. அந்த உயரத்தில் நிலைக்க, வருங்கால நுழைவுச்சீட்டு வருமானத்தை ஈடாக வைத்து 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. மறுபடி அந்தப் போட்டிக்குத் தகுதி பெறாமல் போனதும் எல்லாம் சரிந்தது: 2004இல் பிரீமியர் லீகிலிருந்து இறக்கம், அதே ஆண்டில் எல்லண்ட் ரோடு மைதானத்தின் விற்பனை, 2007இல் மூன்றாம் நிலைக்கு வீழ்ச்சி. இங்கே பணம் வெளியே வழிந்தோடவில்லை. எல்லாம் அணிக்குள்ளேயே போனது. என் வாதப்படி இது சரியான திசை. ஆனால் விளைவு அழிவு.

திசை மட்டும் போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலைப்புக் கூற்றின் தர்க்கத்தை நீட்டினால் லீட்ஸையும் அது தொடுகிறது என்பது என் ஊகம். ஊகம் என்றே சொல்கிறேன். எஞ்சுவது ஊருக்குரியது என்றால், இப்போதைய இயக்குநர்கள் ஈடாக வைத்த வருங்கால வருமானமும் அவர்களுடையது அன்று. அவர்கள் பணயம் வைத்தது அடுத்த தலைமுறை ஆதரவாளர்களின் சொத்து. சொந்தப் பணத்தைப் போட்டுத் தோற்பவரின் லட்சியமும், பிறரின் வருங்காலத்தை அடகு வைத்து வெல்ல முயல்பவரின் லட்சியமும் ஒன்றல்ல. தொலைக்காட்சி விவாதங்களில் இரண்டுக்கும் ஒரே பாராட்டு கிடைக்கிறது. செலவழிக்காத உடைமையாளருக்கு லட்சியமற்றவர் என்ற பட்டமும் கிடைக்கிறது. எவ்வளவு செலவு என்று கேட்கும் முன், யாருடைய பணம், தோற்றால் யார் இழப்பார் என்று கேட்கவேண்டும்.

பிரைட்டனின் பிற்கால வரலாறு இதற்கு ஒரு சோதனை. 2009 முதல் உடைமையாளராக இருக்கும் டோனி புளூம் ஃபால்மர் மைதானத்துக்கும் அணிக்கும் பெருந்தொகையை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார். 2017இல் கழகம் பிரீமியர் லீகுக்கு உயர்ந்தது. 2022-23இல் ஆறாம் இடம் பிடித்து முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. விதி நீங்கிய காலத்திலும் விதியின் திசையில் ஒருவர் நடக்கமுடியும் என்பதற்கு இதைக் காட்டலாம். ஆயினும் கடன் கடன்தான். கொடுத்தவரின் நல்லெண்ணம் மாறாதவரை அது கொடை. மாறினால் கழகத்தின் மேல் தொங்கும் பாரம். 34ஆம் விதி தனிமனித நல்லெண்ணத்தை நம்பி எழுதப்படவில்லை.

அந்த விதி 1990களின் இறுதியில் சங்கத்தின் தொகுப்பிலிருந்து ஓசையின்றி மறைந்தது. 2025 ஜூலையில் ஒப்புதல் பெற்ற கால்பந்து நிர்வாகச் சட்டம் சுதந்திரமான ஒழுங்காணையத்தை உருவாக்கியது. மைதானத்தை விற்கவேண்டுமானால் இனி அதன் அனுமதி வேண்டும். பிரைட்டனில் திறந்திருந்த கதவை இது மூடுகிறது. பங்கின் மதிப்புக்கு உச்சவரம்பு வேண்டுமா என்ற மற்றைய கேள்விக்கு மைதானத்தைக் காக்கும் சட்டம் விடையாகாது. வரலாற்றுத் தரப்பிலும் ஒரு வேலை மீந்திருக்கிறது. ஒவ்வொரு கழகமும் எந்த ஆண்டில் கலைப்புக் கூற்றைத் தன் அமைப்பு விதிகளிலிருந்து எடுத்தது, அதற்கு முன்னும் பின்னும் பங்குகள் யார் கைக்கு எந்த விலையில் மாறின என்பதை நிறுவனப் பதிவகத்தின் கோப்புகளிலிருந்து தொகுக்க முடியும். கூற்று நீங்குவதற்கு முன்பே பங்கு விலைகள் பரவலாகக் கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தன என்று தெரியவந்தால் என் வாசிப்பு தளரும். நீங்கியதை ஒட்டியே ஏறின என்றால், பங்காதாயக் கணக்கை வைத்து எழுதப்பட்ட வரலாற்றை மறுபடியும் எழுதவேண்டிவரும்.