குண்டு யார் கையில்? எஸ். பாலச்சந்தரின் மர்மப் படங்களும் ஒரு நீண்ட வாதமும்

வீணை எஸ். பாலச்சந்தரை ‘தமிழ் ஹிட்ச்காக்’ என்று சொல்லத் தொடங்கி நெடுங்காலமாகிறது. அவர் எடுத்ததில் எது உசத்தி என்ற சண்டைக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். ‘அந்த நாள்’ (1954) என்று ஒரு கட்சி, ‘பொம்மை’ (1964) என்று இன்னொரு கட்சி. ‘நடு இரவில்’ (1970) படத்தைச் சின்ன வயதில் பார்த்துப் பயந்தவர்கள் தனிக் கட்சி; அவர்களிடம் தர்க்கம் எடுபடாது.

விழுப்புரம், காணை, திண்டிவனம் பக்கம் இந்தப் பேச்சு எழுந்தால் ‘அந்த நாள்’ பக்கம் தராசு சாய ஒரு கூடுதல் காரணம் இருக்கிறது. அதன் நாயகன் வி. சி. கணேசன், அதாவது சிவாஜி கணேசன். முதலெழுத்தில் உள்ள ‘வி’ விழுப்புரம். 1928 அக்டோபர் 1இல் அவர் பிறந்த ஊர். தந்தை சின்னையா மன்றாயர் ரயில்வே ஊழியர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அப்படிப்பட்டவரின் மகன் நாட்டைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனாக நடித்த படம் ‘அந்த நாள்’. சொந்த ஊர்ப் பாசத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தப் படம் முதலிடத்துக்கு வந்த வழியைப் பார்ப்பது நல்லது.

1927இல் பிறந்த பாலச்சந்தர் சினிமாவுக்கு வந்தது குழந்தையாக. 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் அண்ணன் எஸ். ராஜம் ராமன், அக்கா ஜெயலட்சுமி சீதை. தம்பி பாலச்சந்தர், ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தார். ‘என் கணவர்’ (1948) மூலம் இயக்குநரானார். ‘கைதி’ (1951) அடுத்து வந்தது. திருப்புமுனை அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’. 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம் அது. ஒரே கொலையை நால்வர் நான்கு விதமாகச் சொல்லும் அந்த அமைப்பு பாலச்சந்தரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பாணியில் அவர் எழுதிய நாடகத்தை வானொலி ஏற்கவில்லை. படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பன் ஏற்றார். திரைக்கதையை ஜாவர் சீதாராமன் எழுதி, துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் நடித்தார்.

நாயகன் வேடம் நேராக சிவாஜிக்குப் போய்ச் சேரவில்லை. கல்கத்தாவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த என். விசுவநாதனை வைத்துக் கொஞ்சம் படமெடுத்தும் மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. (அதே விசுவநாதன் 1962இல் சத்யஜித் ராயின் ‘காஞ்சன்ஜங்கா’வில் நடித்தார், வாய்ப்பை இழந்தவர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை.) அதன்பின்தான் சிவாஜி.

படம் 1943இல், ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட சமயத்தில் தொடங்குகிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் ராஜனின் தம்பியைக் கைகாட்டுகிறார். தம்பி தன் மனைவியை. அவள் ராஜனின் ஆசைநாயகியை. ஆசைநாயகி மறுபடி பக்கத்து வீட்டுக்காரரை. ஒவ்வொருவர் சொல்லும்போதும் ராஜன் ஒரு தடவை சாகிறான், துப்பாக்கி பிடித்த கைதான் மாறுகிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் பாதி முகம் இருட்டிலேயே கிடக்கிறது. ‘ராஷோமோன்’ கடைசிவரை உண்மை இன்னதென்று சொல்லாது. ‘அந்த நாள்’ சொல்லிவிடுகிறது. ராஜனின் மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயின் மனப் போராட்டத்தில் அந்த உண்மை வெளிப்படுவதால், தத்துவமாக முடிய வேண்டியது குடும்பக் கதையாக முடிகிறது. அதைப் பலவீனம் என்று சொல்வோர் உண்டு. கணவனா நாடா என்று தமிழ்ப் பார்வையாளருக்கு முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தியதில்தான் படத்தின் பலம் இருக்கிறது என்று இந்தக் கட்டுரை கருதுகிறது.

பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1954 ஏப்ரல் 13, புத்தாண்டையொட்டி வெளியான படம் விமர்சகர்களிடம் பெயர் வாங்கியது, வசூல் கைகொடுக்கவில்லை. அன்றைக்கு ஒரு படம் ஊருக்குள் நுழைந்ததே பாட்டின் தோளில் ஏறித்தான். கீற்றுக் கொட்டகையில் ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் போடவும், கல்யாண வீட்டில் ஒலிக்கவும், இலங்கை வானொலியில் நேயர் கேட்கவும் ‘அந்த நாள்’ ஒரு இசைத்தட்டைக்கூடத் தரவில்லை. தேசிய விருதில் அவ்வாண்டின் தமிழ்ப் படங்களில் ‘மலைக்கள்ளன்’ வெள்ளிப் பதக்கம் பெற, இதற்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

பின்னாளில் அந்தக் குறையே பெருமையாக மாறியது. தமிழின் முதல் பாடலில்லாத படம் என்ற வரி எல்லாப் பட்டியலிலும் ஏறியது. ‘குருதிப்புனல்’ (1995) போன்ற படங்கள் வரும்போதெல்லாம் முன்னோடியாக இதன் பெயர் திரும்ப வந்தது. ஹிட்ச்காக்குக்கும் இப்படி நடந்திருக்கிறது: 1958இல் அரைமனதோடு வரவேற்கப்பட்ட ‘வெர்டிகோ’, 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் உலகின் முதல் படமாக நின்றது. 2022இல் இரண்டாமிடம்.

சிக்கல் இங்கேதான். ஹிட்ச்காக் தன் தொழிலை விளக்கச் சொன்ன உதாரணம் பலரும் அறிந்தது. மேசைக்கடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு முன்பே தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால் பல நிமிடப் பதைப்பு. இந்த அளவுகோலை வைத்தால் ‘அந்த நாள்’ ஹிட்ச்காக் வகைப் படமே இல்லை. அது புதிர், யார் சுட்டது என்பதை ஒளித்துவைத்து விளையாடுவது.

அளவுகோலுக்கு அச்சாகப் பொருந்துவது ‘பொம்மை’. ஹிட்ச்காக்கின் ‘சபோடாஜ்’ (1936) தந்த கருவில் பாலச்சந்தர் தயாரித்து, இயக்கி, நடித்து, இசையும் அமைத்த படம். பணக்காரர் ஒருவரைத் தீர்த்துக்கட்டப் பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். பொம்மை கை மாறிவிடுகிறது. யார் வைத்தது, எதற்கு வைத்தது எல்லாம் நமக்குத் தெரியும். பொம்மையைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் தெரியாது. ‘சபோடாஜ்’ படத்தில் பேருந்தில் குண்டோடு போன சிறுவனைச் சாகவிட்டது தப்பு என்று ஹிட்ச்காக்கே பின்னால் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் ஒத்துக்கொண்டார். அந்தச் சிறுவனின் மடியில் இருந்த பொட்டலத்தைப் பொம்மையாக்கியது பாலச்சந்தரின் சாமர்த்தியம்: எல்லோரும் ஆசையாக எடுத்துக் கொஞ்சும் பொருள் அது. ஜேசுதாஸ் தமிழில் முதன்முதலாகப் பாடியதும் இந்தப் படத்துக்கே. அவர் பாடிய ‘காதலிக்க நேரமில்லை’ முந்திக்கொண்டு வெளியானது வேறு கதை. ‘பொம்மை’ப் பாட்டு ஊரெல்லாம் நின்றது, படம் அதன் பின்னால் மங்கியது.

‘நடு இரவில்’ மறுபடி புதிருக்கே திரும்புகிறது. மூலம் அகதா கிறிஸ்டியின் 1939 நாவல். தீவு மாளிகை, சொத்துக்காக வந்து சேரும் உறவினர் கூட்டம், ஒவ்வொருவராகச் சாவு. மேஜர் சுந்தரராஜன் எசமானர், பாலச்சந்தர் டாக்டர், மனநிலை பிறழ்ந்த மனைவியாகப் பண்டரிபாய். கிறிஸ்டியின் ஆட்கள் ஒருவருக்கொருவர் அந்நியர். இங்கே எல்லோரும் சொந்தக்காரர்கள். பங்காளிச் சண்டை தெரிந்த ஊரில் பயம் இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஆனால் ஆள் அதிகம், நகைச்சுவை இழுவை. கட்டுக்கோப்பில் ‘அந்த நாள்’ பக்கத்தில் நிற்காது.

ஆகவே வாதத்தை இரண்டாகப் பிரிப்பது நியாயம். பாலச்சந்தரின் சிறந்த படம் ‘அந்த நாள்’. ‘தமிழ் ஹிட்ச்காக்’ பட்டத்துக்கு அவர் காட்டக்கூடிய சான்று ‘பொம்மை’.

இதற்கிடையில் ஹிட்ச்காக் வேறு வழிகளிலும் தமிழுக்கு வந்துகொண்டிருந்தார். ‘வெர்டிகோ’ எம்.ஜி.ஆர். படமாகி, 1965இல் ‘கலங்கரை விளக்கம்’ என்று மாமல்லபுரத்தில் கரையேறியது. ‘சைக்கோ’வின் சாயலோடு பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ 1980இல் வந்தபோது பாலச்சந்தர் படமெடுப்பதை விட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தது. ‘நடு இரவில்’ அவரது கடைசிப் படம். அதன்பின் வீணை, இசை ஆராய்ச்சி, அது சார்ந்த சண்டைகள். 1982இல் அவருக்குக் கிடைத்த பத்மபூஷண் இசைக்கானது.