பங்காளி

பங்கு + ஆளி = பங்காளி. உழைப்பாளி, நோயாளியில் வரும் அதே 'ஆளி'தான். பங்கை உடையவன் என்று பொருள். செஞ்சிப் பக்கம் தொண்டூர் போன்ற ஊர்களில் பங்கு என்றால் நிலம் மட்டுமல்ல. கிணற்றிலும் பங்குண்டு. இன்று அண்ணன் முறை, நாளை தம்பி முறை என்று மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைக்கு மோட்டார் ஓடும். சண்டை பிறப்பதும் பெரும்பாலும் அங்கேதான், அல்லது வரப்பில்.

பேச்சு வார்த்தை நின்றுபோனாலும் சாவுத் தீட்டு பங்காளியை விடாது. பங்காளி வகையறாவில் பெண் எடுக்க முடியாது. அதற்கு மாமன் மச்சான் வேண்டும். ஆக, இது சொத்துக் கணக்கு மட்டுமல்ல, உறவின் எல்லைக்கோடும்கூட. தெற்கே நண்பனையும் 'பங்காளி' என்கிறார்கள். பங்கு கேட்காத பங்காளி என்பதால் பாசம் கூடுதல் போலும்!

சட்டம் இந்தச் சொல்லை முந்திவிட்டது. தமிழ்நாடு 1989-இல் மணமாகாத மகள்களுக்கும், 2005-இல் மத்திய சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையான உரிமை தந்தன. ஆனாலும் அக்காவைப் பங்காளி என்று யாரும் சொல்வதில்லை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்துக்குக் கையெழுத்து தேவைப்படும்போதுதான் அவள் பங்கு நினைவுக்கு வருகிறது.