'கடம்பத்தூர்'னு சொன்னா 'கடம்பூர்'னு வருதா? பிரவுசரில் குரல் தேடல் இயங்குவது எப்படி?

மைக்கை அழுத்தி "கடம்பத்தூர்" என்கிறீர்கள். திரையில் முதலில் "கடம்", அடுத்து "கடம்பூர்", கடைசியில்தான் "கடம்பத்தூர்" என்று வரலாம். கடம்பத்தூர் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில். கடம்பூரோ தூத்துக்குடி மாவட்டத்தில்! அவசரப்பட்டா டிக்கெட்டில் ஊரே மாறிடும்.

ஏன் இப்படி?

குரோம் பிரவுசரில் இந்த வசதி 2013-ல் வந்தது. கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது 2017-ல். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஓடுவது 'இடைக்கால முடிவு'. அடுத்த சொல்லைக் கேட்டதும் அது மாறும். பேச்சு நின்றதும் வருவதுதான் 'இறுதி முடிவு'. இணையதளத்தை உருவாக்குபவர், இறுதி என்ற குறி வந்த பிறகே தேடலைத் தொடங்க வேண்டும். அதுவரை எழுத்தை மங்கலாகக் காட்டினால் போதும்.

இறுதி முடிவும் தப்பாகலாம். ஒவ்வொரு முடிவுக்கும் 0 முதல் 1 வரை நம்பிக்கை மதிப்பெண் உண்டு. மாற்றுச் சொற்களையும் கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். ஊர்ப் பெயர், பணம் என்றால் மதிப்பெண் அதிகம்னு விட்டுடக் கூடாது, "இதுவா, அதுவா?" என்று பயனரிடமே கேட்பதுதான் சரி.

இன்னொன்று, மொழி. 'தமிழ் - இந்தியா' என்று குறிப்பிடாவிட்டால், பக்கத்தின் மொழியையே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். ஆங்கிலப் பக்கத்தில் தமிழில் பேசினால் என்ன வரும்னு சொல்லவே வேண்டாம்!