ஹார்வர்டு சர்வகலாசாலையின் வர்ணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாசசூஸெட்ஸ் ராஜ்யத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலைக்கு உரியது கிரிம்சன் என வழங்கும் ஆழ்ந்த சிவப்பு. 1636-இல் தோன்றிய இக்கலாசாலை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தனக்கென ஒரு வர்ணமும் இன்றியே வாழ்ந்தது என்பதும், பின்னர் அதற்கு வாய்த்த வர்ணமும் பண்டிதர்கள் கூடி ஆராய்ந்து நிச்சயித்ததன்று, கடையில் விலைக்கு வாங்கிய சில பட்டுக் கைக்குட்டைகளின் வழியே வந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை.

1858 ஜூன் 19-ஆம் நாள் பாஸ்டனில் நடந்த படகுப் போட்டியில், பல படகுகள் நெருங்கிச் செல்லும்போது கரையில் நிற்போர்க்குத் தம் படகு இன்னதென்று தெரிய வேண்டுமே என்னும் ஒரே நோக்கத்தால், பெஞ்சமின் கிரௌனின்ஷீல்டு என்ற மாணவரும், இருபத்துநான்கு வயது ஆசிரியராக இருந்தும் மாணவரோடு துடுப்புப் பிடித்து வந்த சார்லஸ் எலியட்டும் சிவந்த கைக்குட்டைகளை வாங்கித் தம் குழுவினர்க்கு அளித்தனர். அவர்களும் அவற்றைத் தலையிலே கட்டிக்கொண்டனர். இந்த எலியட்டே 1869 முதல் 1909 வரை கலாசாலையின் தலைவராக வீற்றிருந்து அதன் கல்விமுறையையே மாற்றி அமைத்தவர். விளையாட்டரங்குகளில் அந்நிறம் பறக்கக் காரணமான அவரே, முதுமையில் கால்பந்தாட்டத்தின் முரட்டுத்தனத்தைச் சகியாமல் அதனை அடியோடு நிறுத்த முயன்றது ஒரு விநோதம்.

ஆயினும் அந்நிறம் உடனே நிலைபெற்றுவிடவில்லை. அடுத்த ஆண்டிலேயே, பிரான்சில் வெர்கின் என்னும் ரசாயனி நிலக்கரித் தாரின் வழிவந்த அனிலீனிலிருந்து, நீலம் கலந்த ஒரு பிரகாசமான சிவப்புச் சாயத்தை உண்டாக்கினார். 1859 ஜூனில் இத்தாலியின் மஜெந்தா என்னும் ஊரில் பிரெஞ்சுப் படையும் அதன் கூட்டாளிகளும் ஆஸ்திரியரை வென்ற யுத்தத்தின் நினைவாக, அச்சாயத்துக்கு அவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று. புதுச்சாயம் எங்கும் பரவியதால், 1860-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஹார்வர்டுப் படகோட்டிகளும் மஜெந்தாவை அணியத் தொடங்கினர். காலப்போக்கில் எது கலாசாலையின் நிறம் என்ற தெளிவே மாணவரிடம் இல்லாது போயிற்று. 1873-இல் மாணவர் தொடங்கிய பத்திரிகைக்கு ‘மஜெந்தா’ என்றே பெயரிட்டமை, அம்மயக்கம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்று. நியூயார்க் ராஜ்யத்து யூனியன் கல்லூரியாரும் மஜெந்தாவுக்கு உரிமை கோரியதனால் சச்சரவு வேறு எழுந்தது. அவர்கள் பிற்பாடு மாதுளை முத்தைப் போன்ற கார்னெட் நிறத்தை மேற்கொண்டார்கள்.

இவ்விவாதத்தைத் தீர்க்க 1875 மே 6-இல் வாக்கெடுப்பு நடந்தது. மாணவர் கிரிம்சனையே பெருவாரியாக ஆதரிக்கவே, பத்திரிகையும் அம்மாதத்திலேயே தன் பெயரை ‘கிரிம்சன்’ என மாற்றிக்கொண்டு, இன்றளவும் அப்பெயராலேயே வெளிவருகின்றது. ஒரு பத்திரிகை தன் பெயரே தவறென்று ஏற்று அதனைத் துறப்பது எளிதில் காணக்கூடியதன்று.

மாணவரின் முடிவு ஆட்சிக்குழுவின் முடிவாவதற்கு மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. எலியட் தலைமைப் பதவியினின்று விலகிய மறு ஆண்டில், அதாவது 1910 மே 6-இல், வாக்கெடுப்பு நடந்த அதே தேதியில், கிரிம்சனே அதிகாரபூர்வமான வர்ணம் என்று தீர்மானிக்கப்பட்டது. கலாசாலையின் விளையாட்டுக் குழுவினர் இந்நிறத்தின் பெயராலேயே அழைக்கப்படுகின்றனர். பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகள் தோளில் அணியும் முக்காட்டின் உட்புறப் பட்டும், டாக்டர் பட்டம் பெறுவோரின் அங்கியும் இந்நிறமே கொண்டவை.