பரிகாரியாரும் கட்டளைச் சட்டமும்

தென்மராட்சியின் தலைப்பட்டினமாகிய சாவகச்சேரியையும் அதனைச் சூழ்ந்த நுணாவில், மட்டுவில், மீசாலை, கைதடி முதலிய ஊர்களையும் நோக்குவோர் கண்ணில் முதலிற் படுவன வேலியடைத்த வளவுகளே. மாவும் பலாவும் தென்னையும் நிற்கும் இவ்வளவுகளின் ஒரு புறத்திலே ஆடாதோடை, நொச்சி, தூதுவளை என்பனவும் வளரும். பரம்பரைப் பரிகாரியார்க்கு வளவே மருந்துச் சாலை. மூலிகையை நட்டவரும், பறித்தவரும், சுத்திசெய்து மருந்தாக்கியவரும், அதனை நோயாளியின் கையிற் கொடுத்தவரும் ஒருவரேயாதல் நாட்டு வைத்தியத்தின் இயல்பாகும். ஒரு செடியின் விடயத்தில் மட்டும் இவ்வியல்பு குற்றமாயிற்று. அச்செடி கஞ்சா. அது குற்றமான வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

சித்த மருத்துவத்திலே கஞ்சா ஆனந்தமூலி, கோரக்கர்மூலி எனும் பெயர்களாலும் வழங்கும். நோவு, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, பசியின்மை ஆகியவற்றுக்கான லேகிய சூரணங்களிற் பிற சரக்குகளோடு சிறிதளவாக அது சேர்க்கப்பட்டது. பச்சையாக அன்று, இலையைப் பலமுறை நீரிற் கழுவிப் பச்சைச்சாறு போக்கி, உலர்த்தி, நெய்யில் வறுத்த பின்னரே சேர்த்தனர். அதன் மயக்குந் தன்மையை வைத்தியர் அறியாதிருந்திலர் என்பதற்கு இச்சுத்தி முறையே சான்று. மேனாட்டு மருத்துவமும் இதனைக் கைக்கொண்டிருந்தது. 1839இல் கல்கத்தாவிலே ஒஷோனசி என்னும் மருத்துவர் தம் ஆய்வினை வெளியிட்டபின், அது ஐரோப்பிய மருந்துச் சாலைகளிலும் இடம்பெற்றது.

இந்தியாவில் இதன் பயன்பாட்டை ஆராய்வதற்கு 1893இல் ஒரு குழு நியமிக்கப்பட்டது. 1,193 சாட்சிகளை விசாரித்து அக்குழு அளித்த அறிக்கை ஏழு தொகுதிகளைக் கொண்டது. அளவான பயன்பாட்டினால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை, முழுத்தடை வேண்டியதன்று, கட்டுப்பாடே போதும் என்பன அதன் முடிவுகள். மனிதர்க்கேயன்றிக் கால்நடைக்கும் இது மருந்தாவதை அக்குழு பதிவுசெய்தமை ஈண்டுக் கவனிக்கற்பாலது. பின்வந்த சட்டங்களை ஆக்கியோர் இத்துணைப் பெரிய விசாரணையைப் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை.

சட்டத்தின் வித்து இந்தியாவில் அன்று, ஜெனீவாவிலேயே ஊன்றப்பட்டது. அங்கு கூடிய அபின் மாநாட்டிலே எகிப்தின் பிரதிநிதி வற்புறுத்தியதன் பயனாக, 1925 பெப்ரவரி 19ஆந் திகதி கைச்சாத்தான உடன்படிக்கையிற் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின் இலங்கைச் சட்டநிரூபண சபை 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தை இயற்றிற்று. எகிப்தின் கவலை தென்மராட்சி வளவுக்குச் சட்டமாய் வந்த கதை இது.

அபினுக்கும் கஞ்சாவுக்கும் இடையே இக்கட்டளைச் சட்டம் காட்டிய வேறுபாடு நுணுகி நோக்கத்தக்கது. அபின் கடல் கடந்து வந்த பண்டம். அரசின் களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுக்கக்கூடியது. ஆகவே பதிவுபெற்ற சுதேச வைத்தியருக்கு அதனை வழங்க ஒரு வழி வகுக்கப்பட்டது. கஞ்சாவோ வளவிலே முளைப்பது. அதனை விதைத்தல், நடுதல், பயிரிடுதல், பெறுதல், உடைமையில் வைத்திருத்தல் யாவும் அனுமதிப்பத்திரமின்றிச் செய்யின் குற்றமென விதிக்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் என்ற சொல் ஏட்டில் இருந்தது; ஊர்ப் பரிகாரியார் ஒருவர் இரண்டு செடிக்காகக் கொழும்பிலுள்ள அமைச்சரை நாடுவாரா என்பது வேறு.

சட்டம் நோக்கத்தை வினவவில்லை, உடைமையையே வினவிற்று என்பதே பரிகாரியார்க்கு நேர்ந்த பேரிடர். மருந்துக்கென வளர்த்த செடிக்கும் விற்பனைக்கென வளர்த்த செடிக்கும் நடுகைக் குற்றத்தில் வேறுபாடில்லை. வளர்த்தவரோடு இவ்விடர் நின்றுவிடுவதும் இல்லை. படுக்கையிற் கிடக்கும் முதியவருக்கு வேளை தவறாது மருந்து கொடுப்பவர் மனைவியோ மகளோ ஆவார். முறைப்படி பெறப்படாத கஞ்சாவிற் செய்த லேகியம் அவரது அலுமாரியிலிருக்குமாயின், உடைமை பற்றிய வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவரும் அவரேயாகலாம். பணிவிடை செய்தல் அங்கு எதிர்வாதமாகாது.

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் ஆயுர்வேதம் என்ற சொல்லுள் அடக்கி, வைத்தியர் பதிவுக்கு வழிசெய்தது. மருந்தென்ற வகையிற் கஞ்சாவுக்கும் அரசின் வழியே ஓர் இடம் கிடைத்தது. ஆயினும் அது வந்த வழி விந்தையானது. வழக்குகளிற் பறிமுதலான கஞ்சாவே நீதிமன்றங்களிலிருந்து ஆயுர்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்துக்குச் சென்று மருந்தாயிற்று. ஒருவரின் குற்றப்பொருள் மற்றொருவரின் மருந்துச் சரக்கு! வழக்கு முடியும்வரை ஆண்டுக்கணக்காகக் கிடந்த சரக்கு வீரியமிழந்துவிடுகிறது என்று வைத்தியர்கள் முறையிட்டனர். புத்தம்புது இலையைப் பறித்துச் சுத்திசெய்த மரபினர் இவ்வாறு முறையிட்டதில் வியப்பில்லை.

பாக்குநீரிணையின் மறுகரையில் நிலை சற்று வேறானது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டம் கஞ்சா என்பதற்குப் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள் என வரைவிலக்கணம் கூறி, நுனியோடு சேராத இலையையும் விதையையும் விலக்கியது. 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையும் அவ்வாறே வரையறுத்ததோடு, அரசின் மேற்பார்வையிற் பயிரிடுதலுக்கும் விதி வகுத்திருந்தது. இலங்கையின் கட்டளைச் சட்டமோ செடியை முழுமையாகவே பற்றிக்கொண்டது. சித்த வைத்தியர்க்கு வேண்டியது பெரும்பாலும் இலையே என்பதை எண்ணுமிடத்து, ஒரு வரைவிலக்கணத்தின் விளைவு எத்துணைப் பெரிதென்பது விளங்கும்.

1984இல் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தன. அவ்வாண்டின் 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஹெரோயின் முதலியவற்றின் வணிகத்துக்கு மரண தண்டனை வரை விதித்து, கட்டளைச் சட்டத்தின் கடுமையை மிகுவித்தது. அதே ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ அலகு தொடங்கிற்று. அது தென்மராட்சியின் கைதடியில் அமைந்தது. பழைய ஏடுகளிலுள்ள மருந்துகள் பல்கலைக்கழகப் பாடமாக உயர்ந்தன. அவற்றுள் ஒன்றின் மூலச் செடியை நடும் உரிமை மட்டும் மீளவில்லை. இன்றோ கடல்வழி வரும் கேரளக் கஞ்சாப் பொதிகள் வடகரையிற் கைப்பற்றப்படும் செய்தி அடிக்கடி வருகின்றது. இப்பெருவணிகத்தின் நிழலிலே பரிகாரியாரின் ஒரு பிடி இலையைத் தனித்து நோக்குமாறு கேட்பது முன்னிலும் அரிதாகிவிட்டது.

2017இல் சுகாதார அமைச்சராயிருந்த ராஜித சேனாரத்ன, நாட்டு மருந்துத் தேவைக்காக இங்கிரியவில் 100 ஏக்கரில் அரசு பயிரிடும் திட்டமொன்றை அறிவித்தார். 2020 டிசம்பர் 2ஆந் திகதி ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு 27க்கு 25 என்ற வாக்குகளால், மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்கிற்று. 2025இல் மீரிகமவிலே 64 ஏக்கரில் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்க்கு அரசு அனுமதி வழங்கியது. அவ்விளைச்சல் முழுவதும் ஏற்றுமதிக்கே உரியது. அதன் ஓர் இலையும் உள்நாட்டில் விற்கப்படலாகாது.