மலை தெரியும் நிலம்

ஒரு பழைய மரக் கொட்டகை. பின்னால் ரம்பப் பல் மாதிரி பனி மூடிய மலைவரிசை. முன்னால் புல்வெளி. காலண்டரிலோ ஃபோன் வால்பேப்பரிலோ இந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஜாக்சன் ஹோல் என்ற இடத்தில், மோல்ட்டன் குடும்பம் கால்நடைகளுக்காகக் கட்டிய கொட்டகை அது. படத்தில் கொட்டகை இருக்கிறது, மலை இருக்கிறது. மாடும் இல்லை, ஆளும் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள்?

‘ஹோல்’ என்றால் இங்கே ஓட்டை இல்லை. நாலாபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்குக்குத் தோல் வேட்டைக்காரர்கள் வைத்த பேர். தரைமட்டமே 2,000 மீட்டர் உயரம். மேற்கே கிராண்ட் டீட்டன் சிகரம் ஏறக்குறைய 4,200 மீட்டர். அடிவாரக் குன்றுகள் எதுவும் குறுக்கே கிடையாது. சமவெளியிலிருந்து மலை அப்படியே செங்குத்தாக எழுந்து நிற்கும். ‘இந்த அழகு யாருக்குச் சொந்தம்’ என்ற சண்டை நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே நடக்கிறது.

முதலில் அங்கே யாருக்கும் நிரந்தர வீடு இல்லை. ஷோஷோனி, பானக் போன்ற பூர்வகுடி மக்கள் கோடையில் வருவார்கள், கிழங்கு தோண்டுவார்கள், வேட்டையாடுவார்கள், பனி கொட்டும் முன் இறங்கிவிடுவார்கள். 1868 ஒப்பந்தம் அவர்களுக்குத் தனி நிலம் ஒதுக்கியது; யாரும் குடியேறாத அரசு நிலங்களில் வேட்டையாடும் உரிமையையும் தந்தது. 1884இல் வெள்ளைக் குடியேறிகள் வந்தார்கள். ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் உனக்கு என்றது அன்றைய சட்டம். வந்தவர்களில் சிலருக்குப் பணம் வந்தது நிலத்திலிருந்து அல்ல. வேட்டைக்கு வரும் பணக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போவதிலிருந்து. எல்க் மான்தான் மூலதனம். அதே மானைப் பூர்வகுடிகளும் வேட்டையாடுவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1895 கோடையில் ஆயுதம் தாங்கிய குடியேறிகள் ஒரு பானக் குழுவைக் கைது செய்து கொண்டுபோனார்கள். வழியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு முதியவர் இறந்தார். மறு வருஷமே உச்ச நீதிமன்றம், வயோமிங் மாநிலமானதோடு அந்த வேட்டை உரிமை போய்விட்டது என்று தீர்ப்பளித்தது. அந்த வாதத்தை அதே நீதிமன்றம் கைவிட 2019 வரை ஆனது.

ஆக, சுற்றுலாவுக்காக ஒருவரை வெளியேற்றுவது அங்கே பண்ணை வேலி போட்ட காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

சரி, பண்ணைக்காரர்களாவது சுகமாக வாழ்ந்தார்களா? அதுவும் இல்லை. உறைபனி இல்லாத நாட்கள் இரண்டு மாதம் தேறினால் பெரிய விஷயம். கோடை முழுக்கப் புல் அறுத்து, காயவைத்து, போர் போட வேண்டும். ஒரு மாடு ஒரு குளிர்காலத்தைத் தாண்ட ஒன்றரை, இரண்டு டன் காய்ந்த புல் கேட்கும். பனியில் பட்டினி கிடக்கும் எல்க் மந்தைகள் வேறு அந்தப் போரில் வந்து வாய் வைக்கும். விற்கிற மாட்டை டீட்டன் கணவாய் தாண்டி, ஐடஹோ மாநிலத்தின் விக்டர் ரயிலடிக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

இந்தக் கஷ்டத்தில்தான் சிலர் வேறு ஒரு கணக்குப் போட்டார்கள். மாட்டுக்குப் பதில் மனிதனை வைத்துப் பராமரித்தால் என்ன? நகரத்துக்காரன் குதிரை ஏறவும் மலை பார்க்கவும் காசு கொடுத்து வந்து தங்குவான். குளிர்காலத்தில் அவனுக்குத் தீனி போட வேண்டியதில்லை, அவனே ஊருக்குப் போய்விடுவான்! இன்று நாம் நண்பனைக் கூப்பிடுகிற ‘டூட்’ என்ற வார்த்தைக்கு அன்று ‘உடுப்பு கலையாத பட்டணத்தான்’ என்ற அர்த்தம் உண்டு. இப்படி வந்தவைதான் ‘டூட் ராஞ்ச்’கள். 1908இல் ஜேஒய், 1912இல் பார் பிசி. பார் பிசியை நடத்திய இருவரில் ஒருவர் ஸ்ட்ரதர்ஸ் பர்ட், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த எழுத்தாளர்.

காட்சியை விற்பவனுக்குக் காட்சி கெடக் கூடாது. ஜென்னி ஏரிப் பக்கம் விளம்பரப் பலகைகள், பெட்ரோல் பங்க், நடனக் கொட்டகை என்று முளைக்க ஆரம்பித்ததும் பர்ட் போன்றவர்களுக்குப் பயம் வந்தது. 1923 ஜூலையில் மாட் நோபிள் என்ற பெண்ணின் மரவீட்டில் உள்ளூர்க்காரர்கள் சிலர், யெல்லோஸ்டோன் பூங்காவின் கண்காணிப்பாளர் ஹொரேஸ் ஆல்பிரைட்டுடன் உட்கார்ந்து பேசினார்கள். தனியார் நிலங்களை யாராவது பணக்காரர் வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்பது யோசனை. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. முதல் உலகப் போருக்குப் பிறகு மாட்டு விலை விழுந்து கடனில் கிடந்த பண்ணைக்காரர்கள் 97 பேர், ‘எங்கள் நிலத்தை வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று 1925இல் தாங்களே மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்தப் பணக்காரர் ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியர். 1926இல் வந்து பார்த்தார். அடுத்த வருஷம் ஸ்னேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்று ஒன்று முளைத்தது. பின்னால் இருப்பது யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடுமே, அதனால் பேரை மறைத்தார்கள். ஏறக்குறைய 35,000 ஏக்கர் கைமாறியது. 1930இல் உண்மை வெளியே வந்ததும் ஊர் கொதித்தது. செனட் விசாரணை நடந்தது; மோசடி எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் ‘நம்மை முட்டாளாக்கிவிட்டார்கள்’ என்ற ஆத்திரத்தை எந்த விசாரணை தீர்க்கும்?

1943 மார்ச்சில் அதிபர் ரூஸ்வெல்ட், பள்ளத்தாக்கின் பெரும்பகுதியைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். மே மாதம் கிளிஃப் ஹான்சென் என்ற இளம் பண்ணைக்காரரும் கூட்டாளிகளும், ஹாலிவுட் நடிகர் வாலஸ் பீரியைக் கூட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாடுகளை அந்த நிலத்தின் குறுக்கே ஓட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், மாடு ஓட்டக் கூடாது என்று யாரும் தடை போட்டிருக்கவில்லை. தடுக்கவும் யாரும் வரவில்லை. படம் மட்டும் பத்திரிகைகளில் வந்தது. பண்ணை வாழ்க்கையைக் காப்பாற்றக் கிளம்பியவர்களும் கடைசியில் ஒரு காட்சியைத்தான் நடத்திக் காட்டினார்கள்.

1950இல் சமரசம். நினைவுச் சின்னமும் பழைய பூங்காவும் சேர்ந்து இன்றைய கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்கா ஆனது. மேய்ச்சல் உரிமை வைத்திருந்தவர்களுக்கு அது தொடர்ந்தது. ஹான்சென் பிற்பாடு வயோமிங் ஆளுநரானார், செனட்டரானார். தன் எதிர்ப்பு தவறு, பூங்கா வந்தது நல்லதுதான் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். பூங்கா இல்லாவிட்டால் அந்த மலைக்கு முன்னால் இன்று பலகைகள்தான் நின்றிருக்கும். ஆனால் கணக்கின் அடுத்த பக்கமும் இருக்கிறது. டீட்டன் கவுண்ட்டியின் நிலத்தில் சுமார் 97 சதவீதம் பொதுநிலம். மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் இருந்து பார்த்தால் அந்த மலை என்றைக்கும் மறையாது. மாநில வருமான வரியும் கிடையாது. கோடீஸ்வரர்களுக்கு வேறென்ன வேண்டும்? தலைக்கு வருமானக் கணக்கில் அமெரிக்காவிலேயே முன்னணிக் கவுண்ட்டி அது. வீட்டு விலை மில்லியன்களில். ஹோட்டலில் படுக்கை விரிப்பவரும், பள்ளிக்கூட ஆசிரியரும், ஆஸ்பத்திரி நர்ஸும் அங்கே வாடகை கொடுக்க முடியாமல் ஐடஹோ பக்கம், விக்டரிலும் டிரிக்ஸிலும் குடியிருந்து, தினமும் கணவாய் ஏறி இறங்குகிறார்கள்.

2024 ஜூன் 8 அன்று அந்தக் கணவாய்ச் சாலையின் ஒரு வளைவு மண்ணோடு சரிந்து விழுந்தது. மூன்று வாரத்தில் மாற்றுத் தடம் போட்டுத் திறந்தார்கள். அதுவரை அந்த மக்கள் மலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். போக ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதல், வர அதே அளவு. ஜாக்சனின் அடுப்பும் வகுப்பறையும் யார் கையில் இருக்கின்றன என்பது அந்த மூன்று வாரத்தில் ஊருக்கே தெரிந்தது. அன்றைக்கு மாடுகள் ரயிலேறப் போன அதே கணவாயில் இன்றைக்கு மனிதர்கள் விடியுமுன் எதிர்த்திசையில் ஏறுகிறார்கள். இருட்டில் மலை தெரியாது. முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்குதான் தெரியும்.